அடித்தது தெரியணும்

"காளியம்மாள்னு அடிங்க" என்றார். அடித்தேன். "இப்ப அதை மாரியம்மாள்னு மாத்துங்க." மாற்றினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையின் அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

"காளியம்மாள் எங்க?"

"மாத்தச் சொன்னீங்களே, மாத்திட்டேன்."

"மாத்துனது சரி. முன்னாடி காளியம்மாள்னு இருந்துச்சுன்னு நாளைக்குப் பாக்குற ஆளுக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்குத் தெரியணும்?"

"சரி தங்கச்சி, வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். சிம்மக்கல்லில் நான் டிடிபி கடை வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கல்யாணப் பத்திரிகை அடிக்க, நோட்டீஸ் அடிக்க என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். மென்பொருளுக்குப் பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், இதில் வரப்போகும் மற்றவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். அப்போது அவருக்கு அறுபது வயது இருக்கும். பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் பிரசவம் பார்த்த அரசாங்க நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகு மதுரைக்கு வந்து, வைகைக்கு வடகரையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். காடு கரை இல்லாமல் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். நிலபுலம் உள்ள வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனால் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விடுவார்கள் என்று ஒரு தடவை சொன்னார். குறைப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. யாருக்கோ வீட்டுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார்.

அவரிடம் இருபத்தைந்து நீள நோட்டுகள் இருந்தன. அரசாங்கப் பதிவேடு வேறு. அது ஆபீசோடு போய்விடும். இவை அவருக்காக அவரே எழுதிவைத்தவை. தேதி, மணி, தாயின் பெயர், ஆணா பெண்ணா, வலி எப்போது கண்டது, யார் கூட இருந்தார்கள், என்ன சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் பிறப்பைப் பதிந்ததே இல்லை. ஜாதகம் எழுத வேண்டும், பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பட்டாளத்தில் சேர வேண்டும் என்று யாராவது தேதி கேட்டு அவரைத் தேடி வந்துகொண்டே இருப்பார்கள். இருபத்தேழாக இருந்த நோட்டுகளில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தையாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்றுதான் கடைக்கு வந்திருக்கிறார்.

அந்த நோட்டுகளை அவர் முதலில் எனக்குக் காட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரு பக்கத்திலும் வெள்ளை மை பூசியது இல்லை, கிறுக்கி மறைத்தது இல்லை. தப்பாக எழுதியிருந்தால் நடுவில் ஒரே ஒரு கோடு. அடித்த எழுத்தைப் படிக்க முடியும். அதற்கு மேலே சரியானது, பக்கத்தில் அவருடைய கையெழுத்தின் சுருக்கம், திருத்திய தேதி. "அடிச்சது தெரியணும்" என்றார். கம்ப்யூட்டரிலும் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

கட்டம் கட்டமாக விரியும் மென்பொருளைக் காட்டினேன். அதிலும் ஒரு பெயரை அடிக்கச் சொல்லி, மாற்றச் சொல்லி, பழையதைத் தேடினார். "இதுலயும் முழுங்கிருது." மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கும் ஒரு கம்பெனியின் ஆளை வரவழைத்தேன். டை கட்டிக்கொண்டு வந்தார். அரைமணி நேரம் ஓட்டிக் காட்டினார்.

"தப்பா அடிச்சிட்டோமேன்னு கவலையே வேணாம் மேடம். டெலிட் அமுக்குனா சுத்தமாப் போயிரும். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது மேடம்."

"அப்ப எனக்கு வேணாம்."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு சொல்லுங்க தம்பி. உங்க கம்பெனியை மூடிட்டீங்கன்னா, இதுக்குள்ள போட்டதை நான் எப்படி வெளிய எடுக்குறது?"

"நாங்க ஏன் மேடம் மூடப்போறோம்?"

"நான் பிரசவம் பாத்த பொம்பளைகள்ல பாதிப் பேரு அப்படித்தான் சொல்லுவாக. எனக்கு என்ன ஆகப்போகுதுன்னு."

அந்த ஆள் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைசியில் என் கொழுந்தனைக் கேட்டேன். அவன் ஜவுளிக் கடைகளுக்குச் சின்னச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அழிக்கவே முடியாத மென்பொருள் வேண்டுமாம் என்று எங்கள் சௌராஷ்டிர பாஷையில் சொன்னபோது, "உங்களுக்குன்னு ஆள் கிடைக்குது பாருங்க அண்ணி" என்று சிரித்தான். ஆனால் சிஸ்டரோடு மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பேசிய பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தான். அதில் டெலிட் கிடையாது. ஒரு தேதியைத் திருத்தினால் பழைய தேதி நடுக்கோட்டுடன் சாம்பல் நிறத்தில் மேலேயே நிற்கும். திருத்தியது அடுத்த வரியில், திருத்திய நாளோடு வரும். மாதாமாதம் எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்தாக வெளியே எடுத்து ஃப்ளாப்பியில் போட வேண்டும். ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம், கூடவே தாளில் அச்சடித்து ஒரு கட்டு. "மூணு இடத்துல இருக்கணும். அதுல ஒண்ணு காகிதமா இருக்கணும்" என்பார்.

ஒன்றில் மட்டும் அவர் அரைமனதோடு இறங்கி வந்தார். யாராவது ஒரு பிறப்புக்குத் தாள் கேட்டால், எந்த வரிக்கு முன்னால் டிக் இருக்கிறதோ அந்த வரி மட்டும் அச்சாகும். அடித்ததும் சேர்ந்து வந்தால் கேட்பவர்களுக்குக் குழப்பம் என்று கொழுந்தன் சொன்னான். "சரி, நோட்டுதான் இருக்குல்ல" என்றார்.

அவரோடு பழகுவது சுலபமாக இருக்கவில்லை. ஒரு நாள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரப் பெண்ணிடம், நோட்டிலிருந்து ஒரு தாளைத் தொலைத்துவிட்டாய் என்று சத்தம் போட்டார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மறுநாள் காலையில் அதே கடைக்கு வந்து, "நேத்து இங்க நின்ன ஆளுக யார் யாரு?" என்று கேட்டார். தாள் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பெண் கூச்சப்பட்டு, "விடுங்க சிஸ்டர், கிடைச்சிருச்சுல்ல" என்றாள். அவர் விடவில்லை. "நான் சொன்னது அம்புட்டுப் பேரு காதுலயும் விழுந்துச்சுல்ல." நேற்று நின்றவர்களில் இரண்டு பேர் பக்கத்து மொத்தக் கடை ஆட்கள். அவர்களைத் தேடிப் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களுக்கு அது என்ன விஷயம் என்றே மறந்து போயிருந்தது.

ஆறாவது நோட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் என் கை நின்றது. "குழந்தை அழுதது" என்று எழுதி, அடித்து, "அழவில்லை" என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு வரி. ஏழு மணிக்குத்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நாலு மணிக்கே அனுப்பியிருக்க வேண்டும். என் தப்பு.

"இதையும் ஏத்தணுமா சிஸ்டர்?"

"இதையும்தான்." பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஆபீஸ் பதிவேட்டைப் பாத்தீங்கன்னா நாலு மணின்னு இருக்கும். மேல உள்ள டாக்டர் பக்கத்தைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதச் சொன்னாரு. எழுதுனேன். அந்தப் பொம்பளையும் மறுநா போயிட்டா. அவ புருசன் வந்து, எப்ப அனுப்புனீகன்னு கேட்டான். பதிவேட்டைக் காட்டுனோம். நாலுன்னு இருந்துச்சு. எங்களைக் கும்புட்டுட்டுப் போயிட்டான்."

உரித்த கடலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு மறுபடியும், "கும்புட்டுட்டுப் போனான், தங்கச்சி" என்றார். நான் அந்த இரண்டு வரிகளையும் எழுத்து மாறாமல் அடித்து ஏற்றினேன்.

இரண்டாயிரத்து இரண்டில், தீபாவளி முடிந்து சில நாட்களில் அந்தப் பிரச்சினை வந்தது. சிஸ்டர் வேலை பார்த்த கிராமம் ஒன்றில், நிலபுலம் உள்ள குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு மினி பஸ் கண்டக்டரோடு போய்விட்டாள். அவன் சிஸ்டரின் பிறந்த ஊர்த் தெருக்காரன், சொந்த சாதிசனம். அழகர்கோவில் பக்கம் போய் மாலை மாற்றிக்கொண்டு, மேலூரில் ஒரு சிநேகிதன் வீட்டில் இருந்திருக்கிறார்கள். நாலாம் நாள் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை, கடத்திக்கொண்டு போய்விட்டான் என்று பெண் வீட்டார் கேஸ் கொடுத்தார்கள். அவனை உள்ளே வைத்துவிட்டார்கள். வயது முடிவாகும்வரை பெண்ணை அரசுக் காப்பகத்தில் விட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடச் சான்றிதழில் எண்பத்தைந்து ஜூன் என்று இருந்தது. அதன்படி அவளுக்குப் பதினேழரை வயதுகூட நிறையவில்லை. பிறப்புப் பதிவு கிடையாது. ஆனால் அந்தப் பெண்ணைப் பிறக்க வைத்தது சிஸ்டர் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய நோட்டில் என்ன இருக்கிறது என்று இரண்டு தரப்பும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒளிக்காமல் சொன்னார். பதினாலாவது நோட்டு. ஜனவரி ஆறு, எண்பத்து நாலு என்று எழுதியிருந்தது. வருடம் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாததால் பழக்கதோஷத்தில் பழைய வருடத்தைப் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்து, நாலை அடித்து ஐந்து போட்டு, தேதியோடு சுருக்கொப்பம் இட்டிருந்தார்.

அடித்த வருடப்படி அவள் மேஜர். திருத்திய வருடப்படி பதினெட்டுக்கு இன்னும் ஐம்பது அறுபது நாள் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பெண்ணின் சித்தப்பா என் கடைக்கு வந்தார். கூட இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டார்கள். வந்தவர் உட்காரவில்லை.

"நர்சம்மா நோட்டு இங்கதான் இருக்காமே. ஒருநா குடுங்க, பாத்துட்டுத் தந்துர்றோம்."

பதினாலாவது நோட்டு மேசை இழுப்பறையில், என் முழங்காலுக்கு நேரே இருந்தது. "அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணே" என்றேன்.

"இந்தப் பொட்டிக்குள்ளயும் இருக்கா?"

"இருக்கு."

"அழிக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"இதுல அழிக்க முடியாதுண்ணே. அப்படித்தான் பண்ணியிருக்கு."

அவர் வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "அழிக்க முடியாத கம்ப்யூட்டராம்ல" என்றார். மூவரும் சிரித்தார்கள். பிறகு திரையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "எங்க வீட்டுப் பின்வாசல் வழியா வந்து போன பொம்பள, இன்னைக்கு எங்க பிள்ளைக்கு வயசு சொல்றா. சொல்லட்டும். உங்க வீட்டுக்காரருக்கு விளக்குத்தூண் பக்கம்தானே கடை?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மூவரும் போய்விட்டார்கள். கண்ணாடித் திரையில் அந்த உள்ளங்கை அப்படியே பதிந்திருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கண்டக்டரின் தாய் வந்தார். மெலிந்த பெண், காலில் செருப்பில்லை. மடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து என் முன்னால் வைத்தார். மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். பெண் சிரிக்கவில்லை, கேமராவைத் தாண்டி யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டரக்கா நோட்டுல ரெண்டு வருசமும் இருக்குதாம்ல தாயி. எண்பத்து நாலுன்னு போட்டு ஒரே ஒரு தாளு எடுத்துக் குடுங்க. வக்கீலு அது போதும்ங்கிறாரு."

"அது அடிச்சதும்மா. திருத்துனதுதான் சரியான தேதி."

"அவளை அவுக வீட்டுல விட்டாய்ங்கன்னா உசுரோட விட மாட்டாய்ங்க தாயி. எம் மகன் ஜெயில்ல கிடந்தாலும் கிடக்கட்டும். அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்தச் சித்தப்பாவின் மேல் எனக்கிருந்த பயமும் ஆத்திரமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. நல்ல காரியம் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எண்பத்தைந்தின் முன்னால் இருந்த டிக்கை எடுத்து எண்பத்து நாலின் முன்னால் வைத்தேன். இரண்டே அமுக்கு. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, டிக்கைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சிஸ்டரை நோட்டோடு கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு வாங்க தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அவர் நோட்டை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தமாக, அடுத்த நிறுத்தம் தாண்டியதும் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவை, "சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்" என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தார். "தண்ணி கொண்டாந்தீங்களா?" என்று கேட்டேன். கொண்டுவந்திருந்தார். வாங்கிக் குடித்தேன்.

கோர்ட்டில் அந்தப் பெண்ணை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். ஒரு பக்கம் சித்தப்பாவும் ஆட்களும், இன்னொரு பக்கம் கண்டக்டரின் தாய். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சிஸ்டர் கூண்டில் ஏறியதும் பையனின் வக்கீல் நான் கொடுத்த தாளை நீட்டினார்.

"இது உங்க பதிவுலருந்து எடுத்ததுதானே?"

சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். ஒரு தடவை தலையைத் தூக்கிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் பட்டியல்லருந்து எடுத்ததுதான்யா. ஆனா இது தப்பு."

"யார் எடுத்தது?" என்று நீதிபதி கேட்டார்.

"பட்டியலு என் பொறுப்புல இருக்குதுய்யா. தப்பு வந்தா அதுக்கு நான்தான் ஆளு. ஒரு பேனா குடுத்தீங்கன்னா இதை அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

கோர்ட்டில் தாக்கலான தாளில் எழுதக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். அப்படியானால் தப்பு என்று தான் சொன்னதை எழுதிக்கொள்ளும்படி சிஸ்டர் கேட்டார். எழுதிக்கொண்டார்கள். நோட்டை வாங்கிப் பார்த்த நீதிபதி, கோட்டையும் சுருக்கொப்பத்தையும் அதன் தேதியையும் வெகுநேரம் பார்த்தார்.

"இந்தத் தேதிப்படி பொண்ணுக்கு இன்னும் பதினெட்டு முடியலை. தெரியும்ல?"

"தெரியும்யா."

கண்டக்டரின் தாய் அங்கேயே ஓவென்று அழுதுவிட்டார். "நீயெல்லாம் நம்ம சனமாக்கா?" அவரை வெளியே கூட்டிப்போனார்கள். சித்தப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அவர்கள் வக்கீல் எழுந்து பள்ளிச் சான்றிதழை எடுத்தார்.

"அதுவும் தப்புய்யா" என்றார் சிஸ்டர். "ஸ்கூல்ல சேக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் மாசம்னு போட்டு விட்டுருவாக. இவ பொறந்தது ஜனவரி ஆறு, காலம்பற பத்தே காலு. நான்தான் பாத்தேன்."

சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி பெண்ணிடம், பெற்றோருடன் போகிறாயா என்று கேட்டார். போக மாட்டேன் என்றாள். போனால் கொன்றுவிடுவார்கள் என்றாள். நோட்டில் உள்ள தேதியையே எடுத்துக்கொண்டு, ஜனவரி ஆறு வரை காப்பகத்தில் இருக்கட்டும், அதன்பிறகு அவள் இஷ்டம் என்று உத்தரவானது. போகும்போது அந்தப் பெண் சிஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் இருவரும் நின்றோம்.

"எப்ப எடுத்துக் குடுத்தீங்க?"

"செவ்வாக்கிழமை."

"என்ன மணி?"

"ஒண்ணு, ஒண்ணரை இருக்கும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நேரே கடைக்கு வந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். குறிப்பு எழுதும் இடத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இன்ன தேதி செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிவாக்கில் அடித்த வருடத்தை வைத்துத் தவறாக அச்சிடப்பட்டது. அச்சிட்டவர் என்று சொல்லி நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரை நானே அடித்தேன். அது அழியாது என்று எனக்குத் தெரியும். பிறகு அவர் இழுப்பறையைத் திறந்து, அங்கே இருந்த மற்ற நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதத்தில் அவருடைய தம்பி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். அவருக்குச் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாரோ தன்னைப் பற்றி விசாரித்ததாகவும், வீட்டுக்கு எதிரே ஒரு ஜீப் இரண்டு நாள் நின்றதாகவும் என்னிடம் சொன்னார். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னார். வீட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "மாத்துனா, தேதி கேட்டு வாரவுகளுக்கு வீடு தெரியாமப் போயிரும்" என்றார்.

ஜனவரி ஆறாம் தேதி காலை அவர் கூப்பிடாமலேயே நானும் காப்பகத்துக்குப் போனேன். சிஸ்டர் எட்டு மணிக்கே நோட்டுப் பையோடு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டரின் தாய் தள்ளி, சுவர் ஓரமாக நின்றிருந்தார். அவனுக்கு ஜாமீன் கிடைத்துத் திருப்பூரில் தங்கியிருந்தான். ஒன்பது மணிக்குச் சித்தப்பா காரில் வந்தார். அதே இரண்டு பேர். நேரே உள்ளே போய்ப் பள்ளிச் சான்றிதழைக் காட்டி, ஜூன் மாதம் வரை விடக் கூடாது, மேலே மனுப் போட்டிருக்கிறோம் என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் சத்தம் போட்டார். அந்த அம்மாள் தயங்கினார். மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்கிறேன் என்றார்.

சிஸ்டர் எழுந்து போய்க் கோர்ட்டு உத்தரவின் நகலை மேசையில் வைத்தார். "ஜனவரி ஆறுன்னு எழுதியிருக்கும்மா. படிச்சுப் பாருங்க. பத்தே காலுக்குப் பதினெட்டு முடியுது. அதுவரைக்கும் நான் உக்காந்திருக்கேன்."

"நீ யாரு இதுல?" என்று சித்தப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணன் மகளைக் கையில ஏந்துனவ" என்றார் சிஸ்டர். குரலை உயர்த்தவில்லை. போய் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் அம்மாள் உத்தரவை இரண்டு முறை படித்தார். போனை எடுத்து, யாரிடமோ பேசி, வைத்தார். பத்தரை மணிக்குப் பெண் வெளியே வந்தாள். கையெழுத்துப் போட்டாள். போலீஸ்காரம்மா ஒருவர் வாசல் கேட்டு வரைக்கும் கூடவே வந்தார்.

பெண் மாமியாரிடம் போவதற்கு முன்னால் சிஸ்டருக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நீங்க எண்பத்து நாலுன்னு சொல்லிருந்தா அவரு அத்தனை நாளு உள்ள கிடந்திருக்க மாட்டாரு. நானும் இங்க கிடந்திருக்க மாட்டேன்."

"ஆமா" என்றார் சிஸ்டர்.

வேறு ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். பெண் திரும்பிப் போய் மாமியாரோடு பஸ் ஏறினாள். கேஸ் அதன்பிறகு ரொம்ப நாள் இழுத்து, ஒன்றுமில்லாமல் முடிந்தது என்றும், அவர்கள் திருப்பூரிலேயே இருந்துவிட்டார்கள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் மறுபடி சிஸ்டரைப் பார்க்க வந்ததில்லை.

அன்றைக்கு பஸ் கிளம்பிய பிறகும் சிஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். சித்தப்பாவின் கார் கேட்டுக்கு எதிரே இருந்தது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினான். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கார் பஸ் போன திசைக்கு எதிராகத் திரும்பி, சாலைக் கோடியில் மறையும்வரை அவர் அசையவில்லை.

"உங்க கடையில இன்னைக்குக் கரண்டு எப்பப் போகும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மணிக்கு சிஸ்டர்."

"அப்ப நேரம் இருக்கு. பதினேழாவது நோட்டுல பாதி கிடக்குது. நான் கூடவே உக்காந்து வாசிக்கிறேன், நீங்க அடிங்க."

நோட்டுப் பை கனமாகத் தெரிந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவர் அதை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.